சிலம்பத்திலேயே இருப்பதா, டேக்வாண்டோவுக்கு மாறுவதா?

வணக்கம். நாங்கள் மதுரை திருநகரில் இருக்கிறோம். ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் சில வருடமாகச் சிலம்பம் கற்கிறாள். ஒற்றைக்கம்பு நன்றாக வரும், இப்போது இரட்டைக்கம்பு தொடங்கியிருக்கிறாள். வாத்தியார் நல்ல வித்தைக்காரர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இந்த வருடம் பாதி நாள் வருவதில்லை. பிள்ளைகள் விடியற்காலையில் கம்போடு காத்திருந்துவிட்டுத் திரும்புகிறார்கள். வந்தாலும் மூத்த பையன்களிடம் விட்டுவிட்டுப் போய்விடுகிறார். அவர்கள் காலடியை, அதாவது கால் எடுத்துவைக்கும் முறையை, ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். காலடி தப்பாகப் பழகிவிட்டால் அப்புறம் திருத்துவது பெரும்பாடு. பெரியவர் யாரும் பார்க்காமல் கம்புச் சண்டை போட விடுவதும் பயமாக இருக்கிறது.

வீட்டுக்காரர் கொரியத் தற்காப்புக் கலையான டேக்வாண்டோவில் சேர்க்கச் சொல்கிறார். அது 2000 முதல் ஒலிம்பிக்கில் பதக்க விளையாட்டு. சிலம்பம் 2024 ஜனவரியில் நம் மாநிலத்தில் நடந்த கேலோ இந்தியா போட்டியில் பதக்கப் பட்டியலில் சேராத காட்சி விளையாட்டாகத்தான் இருந்தது என்கிறார். அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் உண்டே என்றேன். அதெல்லாம் கிடக்கட்டும், அவளுக்குக் கம்பு என்றால் உயிர். டேக்வாண்டோவில் பெரும்பாலும் காலால் உதைப்பதுதான். கை வேகம் வீணாகிவிடுமோ?

திருப்பரங்குன்றம், பழங்காநத்தம் பக்கம் தவறாமல் வந்து சொல்லித்தரும் சிலம்ப வாத்தியார் இருக்கிறாரா? வேறு வாத்தியாரிடம் போனால் காலடியை முதலிலிருந்து மாற்றச் சொல்வார்களா? இப்போதைய வாத்தியார் மனம் நோகாமல் எப்படிச் சொல்லி விலகுவது? அனுபவப்பட்ட பெற்றோர் சொல்லுங்கள்.