மற்ற நூலகங்களிலிருந்து நூல்களையும் கட்டுரைகளையும் இரவல் பெறுவது எப்படி?

டர்பன் மாணவி:

அனைவருக்கும் வணக்கம். நான் டர்பனில் வரலாற்றுத் துறையில் ஆனர்ஸ் படித்து வருகிறேன். நேட்டாலில் நடந்த தமிழ்ப் பத்திரிகைகளைப் பற்றிச் சிறிய ஆய்வேடு ஒன்றை எழுத வேண்டும். கேப் டவுன் நூலகம் ஒன்றில் மட்டுமே இருப்பதாகத் தெரியும் ஓர் ஆங்கில நூல், எங்கள் நூலகம் சந்தா கட்டாத ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்த கட்டுரை, சென்னையில் அச்சான ஒரு பழைய தமிழ் நூல் ஆகியவை எனக்குத் தேவைப்படுகின்றன. அந்தந்த நூலகங்களுக்கு நானே எழுதிக் கேட்கலாமா, செலவை யார் ஏற்பார்கள் என்பதை விவரம் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். தமிழ் நூலை, உலகெங்குமுள்ள நூலகங்களின் நூல்களை ஒன்றாகத் தேட உதவும் வேர்ல்ட்கேட் இணையப் பட்டியலில் தேடியபோது ஒன்றும் கிடைக்கவில்லை. அது எந்த நூலகத்திலும் இல்லை என்று எடுத்துக்கொள்வதா?

பழைய நூலகப் பணியாளர்:

தங்கைக்கு வணக்கம். நீங்களே எழுத வேண்டாம். நூலகங்களுக்கிடையேயான இரவல் என்பது ஒரு நூலகம் இன்னொரு நூலகத்தை நம்பிக் கொடுப்பது. நூல் தொலைந்தால் பொறுப்பேற்பது உங்கள் நூலகமே என்பதால், மாணவர் தனியாகக் கேட்டால் பெரும்பாலும் "உங்கள் நூலகத்தின் வழியாக வாருங்கள்" என்ற பதில்தான் வரும். உங்கள் நூலகத்தில் இரவல் பிரிவு இருக்கும். அங்கே ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுத்தால், 1983 முதல் இயங்கிவரும் தென்னாப்பிரிக்க நூலகத் தகவல் நிறுவனமான சாபினெட்டின் கூட்டு நூற்பட்டியலில் (பல நூலகங்களின் நூல்களை ஒன்றாகக் காட்டும் பட்டியல்) எந்த நூலகத்தில் படி இருக்கிறது என்று பார்த்து அவர்கள் கேட்பார்கள்.

நூலும் கட்டுரையும் வெவ்வேறு வழியில் வருகின்றன. நூல் கூரியரில் வந்து, படித்தபின் திரும்பிப் போக வேண்டும். தவணை நாளைக் குறிப்பது கொடுக்கும் நூலகமே ஆகையால், உங்கள் நூலகத்தின் வழக்கமான தவணையை நினைத்துக்கொண்டு அசட்டையாக இருந்துவிடக் கூடாது. சில நூல்கள் "நூலகத்துக்குள் மட்டும் படிக்கலாம்" என்ற நிபந்தனையோடு வரும். கட்டுரையோ ஸ்கேன் செய்யப்பட்டு பிடிஎஃப் ஆக வரும். அதைத் திருப்ப வேண்டியதில்லை, சொந்த ஆய்வுக்காகத்தான் கேட்கிறேன் என்று கையெழுத்திட வேண்டியிருக்கும். 1978ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் ஆய்வுக்கும் தனிப்பட்ட படிப்புக்கும் நியாயமான அளவில் படியெடுக்க இடமளிக்கிறது. ஒரு நூல் முழுவதையும் ஸ்கேன் செய்து அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுவார்கள்.

செலவு நூலகத்துக்கு நூலகம் மாறும். சில கல்லூரிகள் மேற்பட்டப் படிப்பு மாணவர்களுக்கு மட்டும் கட்டணத்தை ஏற்கின்றன, சில துறைகள் தம் நிதியிலிருந்து கொடுக்கின்றன. படிவத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே இதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இரவல் பிரிவில் வேலை பார்த்த காலத்தில் நான் கண்ட தாமதங்களில் பெரும்பகுதி அரைகுறையான விவரங்களால் நேர்ந்ததே ஆகும். கட்டுரை என்றால் ஆசிரியர், தலைப்பு, இதழின் முழுப்பெயர், தொகுதி, வெளியீட்டு எண், ஆண்டு, பக்கங்கள் ஆகிய அனைத்தும் வேண்டும். அடிக்குறிப்பில் கண்ட சுருக்கப் பெயரை அப்படியே எழுதிக் கொடுத்தால், அது எந்த இதழ் என்று கண்டுபிடிப்பதிலேயே நாட்கள் ஓடிவிடும்.

சாட்ஸ்வர்த் வாசகர்:

தமிழ் நூல் கிடைக்காதது பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டு நூலகங்கள் பல தமிழ்த் தலைப்புகளை ரோமன் எழுத்தில், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் வகுத்த முறைப்படி பதிவு செய்திருக்கின்றன. அது நாம் குறுஞ்செய்தியில் எழுதும் முறை அன்று. ஒலிப்பு எப்படி இருந்தாலும் எழுத்துக்கு எழுத்து மாற்றுவதால், ககரத்துக்கு எப்போதும் கே (K), சகரத்துக்கு எப்போதும் சி (C), தகரத்துக்கு எப்போதும் டி (T). காந்தி என்ற பெயரில் ஜி எழுத்தும் வராது, எச் எழுத்தும் வராது. சுதேசமித்திரனை எஸ் எழுத்தில் தொடங்கித் தேடினால் கிடைக்காது. சி எழுத்தில் தொடங்க வேண்டும், நடுவிலுள்ள சகரத்துக்கும் சி போட வேண்டும். நெடிலுக்காக உயிரெழுத்தை இரட்டிக்கக் கூடாது. தென்னாப்பிரிக்கா என்ற சொல்லுக்கு எஃப் வராது, பி (P) எழுத்துதான் இரண்டு முறை வரும். பழைய நூல்களில் ஒற்று இல்லாமலும் பிரித்தும் எழுதியிருப்பார்கள் என்பதால் அந்த வடிவங்களையும் தேடிப் பாருங்கள். இத்தனைக்குப் பிறகும் கிடைக்காவிட்டால்தான் நூல் அங்கே இல்லை என்று சொல்ல முடியும்.

இன்னொன்று. சென்னையிலிருந்து நூலை வரவழைப்பதற்கு முன்பு, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தைப் பாருங்கள். பழைய நூல்களும் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களும் அங்கே முழுமையாகப் படிக்கக் கிடைக்கின்றன. அங்கும் இல்லையென்றால், 1994இல் தொடங்கப்பட்ட சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு எழுதலாம். அவர்கள் ஆய்வாளர்களுக்குப் படி எடுத்துத் தருவதுண்டு.

டர்பன் மாணவி:

மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடி சி எழுத்தில் தொடங்கித் தேடியதும் நூல் சிகாகோவில் இருப்பது தெரியவந்தது. அதை இங்கே வரவழைக்க முடியுமா? பழைய பத்திரிகைகளையும் இப்படியே இரவல் கேட்கலாமா?

பழைய நூலகப் பணியாளர்:

கடல் கடந்து நூல் வருவது அரிது. வந்தாலும் செலவு மிகும். ஆகவே உங்களுக்கு வேண்டிய அதிகாரத்தை மட்டும் படியெடுத்துத் தரக் கேளுங்கள். நாடுகளுக்கிடையே பணம் அனுப்பும் தொல்லையைக் குறைப்பதற்காக உலக நூலகச் சங்கக் கூட்டமைப்பின் இரவல் சீட்டு முறை 1995இல் தொடங்கப்பட்டது. அது இன்னும் நடப்பில் உள்ளதா, உங்கள் நூலகத்திடம் அந்தச் சீட்டு இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

பத்திரிகைத் தொகுதிகளை யாரும் இரவல் தர மாட்டார்கள். தாள் நொறுங்கும் நிலையில் இருக்கும், அந்த நூலகத்திடம் வேறு படியும் இருக்காது. எனவே அவை இருக்கும் இடத்துக்கு நாம்தான் போக வேண்டும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆசிரியர்:

அதற்கு நீங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. குவாசுலு நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி லுத்துலி ஆவண மையம் இந்நாட்டு இந்தியரைப் பற்றிய ஆவணங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. எங்கள் ஊரிலுள்ள மசுண்டுசி நகர நூலகம், நாட்டில் அச்சாகும் வெளியீடுகளின் படிகளைச் சட்டப்படி பெறும் நூலகங்களில் ஒன்று. 1903இல் நான்கு மொழிகளில் தொடங்கிய இந்தியன் ஒப்பீனியனைக் காந்தி பாரம்பரிய இணையத்தளத்திலும் படிக்கலாம். ஆனால் பி. எஸ். ஐயர் 1908இல் டர்பனில் தொடங்கிய ஆஃப்ரிக்கன் கிரானிக்கிள் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. தமிழும் ஆங்கிலமும் கலந்து வெளிவந்த அதை விட்டுவிட்டு நேட்டால் தமிழ்ப் பத்திரிகைகளைப் பற்றி எழுதுவது சரியாகாது என்பது என் கருத்து.

ஆவண மையத்துக்குப் போவதற்கு முன்பு, பார்க்க விரும்பும் ஆண்டுகளைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பி நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். மேற்பார்வையாளரிடமிருந்து ஒரு கடிதமும் வாங்கிச் செல்லுங்கள். புகைப்படம் எடுக்க அனுமதி உண்டா என்பதையும் அந்த மின்னஞ்சலிலேயே கேட்டுவிடலாம்.