மலர் 14-ஆம் பக்கம்: பி.எச்.பாண்டியன் கட்டுரை

அனைவருக்கும் வணக்கம்.

நம்ம ஊர்க் கொடை மலருக்கு ஆளுக்கு 5,000 ரூபாய் என்று பொருளாளர் அண்ணாச்சி கேட்டிருந்தார். என் பங்கை நேற்றே போட்டுவிட்டேன். போன கொடையில் மிஞ்சிய பணம் என்னாச்சு என்று குவைத் சித்தப்பா மூன்றாவது தடவையாகக் கேட்கிறார். கேட்பது நியாயம்தான். அண்ணாச்சி வரவு செலவு நோட்டைப் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பிவிட்டால் அந்தப் பேச்சு முடிந்தது. நான் எழுத வந்தது வேறு.

சின்ன மைனி போன வாரம் ஊருக்குப் போனபோது அச்சகத்தில் மலரின் ப்ரூஃபைப் பார்த்திருக்கிறாள். மனசு கேட்காமல் 14-ஆம் பக்கத்தை எனக்குப் படம் எடுத்து அனுப்பினாள். தமிழ்நாடு சட்டமன்றத்தின் முன்னாள் சபாநாயகர் பி.எச்.பாண்டியனைப் பற்றி பம்பாய் அத்தான் எழுதிய கட்டுரை.

அத்தான், கோபப்படாமல் வாசிங்க. "இருபது ஆண்டு சபாநாயகர்" என்று போட்டிருக்கிறீர்கள். 1980 முதல் 1984 வரை அவர் துணை சபாநாயகர். 1985 முதல் 1989 வரை சபாநாயகர். கோவிந்தப்பேரிக்காரர், வக்கீல், 1977-இல் முதன்முதலாக நம்ம சேரன்மகாதேவி தொகுதியில் ஜெயித்து, 1980, 1984, 1989 என்று வரிசையாக நாலு தேர்தலில் நின்று ஜெயித்தவர். உள்ளதே இவ்வளவு இருக்கிறது, கூட்டிச் சொல்ல என்ன இருக்கு?

கணக்கைத் திருத்திவிடலாம். கட்டுரை 1985-இலிருந்து ஒரே தாவாக 1999 நாடாளுமன்றத் தேர்தலுக்குப் போய்விடுகிறதே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. கேட்டதற்கு, "வேண்டாததை எழுதினா ஊருக்குத்தான் கேவலம்" என்று பதில் போட்டிருக்கிறீர்கள்.

எது வேண்டாதது? சபாநாயகருக்கு வானளாவிய அதிகாரம் உண்டு என்று அவர் சொன்னது தமிழ்நாட்டுக்கே தெரியும். அரசியல் சட்ட நகலை எரித்ததற்காக 1986-இல் அவர் சபாநாயகராக இருந்த அவையில் தி.மு.க. உறுப்பினர்கள் 10 பேர் பதவி இழந்தார்கள், அன்பழகன் உட்பட. 1987-இல் அட்டைப்பட ஜோக் ஒன்றுக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு அவர் விதித்தது 3 மாதக் கடுங்காவல். ஊரெல்லாம் எதிர்ப்பு கிளம்பி இரண்டே நாளில் விடுதலை. பின்னால் அந்த ஆசிரியர் உயர்நீதிமன்றத்தில் வழக்காடி ஜெயித்து, நஷ்டஈடாகக் கிடைத்த 1,000 ரூபாயை ஃப்ரேம் போட்டு மாட்டினார்.

எங்க அப்பாவுக்கு அது ஆறவே இல்லை. வாராவாரம் விகடன் வாங்கி பைண்டு பண்ணி வைத்தவர். "நம்ம தொகுதிக்காரர் செய்தது சரியில்லை, உங்களுக்கு ஓட்டுப் போட்டவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்" என்று பதினைந்து பைசா கார்டில் நுணுக்கி நுணுக்கி எழுதினார். அம்மா தபாலில் போட விடவில்லை. அந்தக் கார்டு 1987 பைண்டுக்குள் இன்னும் இருக்கிறது. ஓரம் பழுத்துவிட்டது, மை அழியவில்லை.

அதற்கப்புறம் எம்.ஜி.ஆர். மறைவு, கட்சி இரண்டாக உடைந்தது. 1988 ஜனவரி 28-இல் ஜானகி அம்மாள் நம்பிக்கை வாக்குக் கேட்டபோது சபாநாயகர் நாற்காலியில் இருந்தவர் நம்ம ஆள். அவைக்குள்ளேயே போலீஸ் புகுந்து தடியடி நடந்தது. இரண்டு நாளில் ஆட்சி கலைந்தது.

இத்தனைக்கும் பிறகு 1989 தேர்தல். இரட்டை இலை முடங்கி, ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப்புறா. ஜானகி அம்மாளே ஆண்டிபட்டியில் தோற்றார். தமிழ்நாடு முழுக்கப் புறாவில் ஜெயித்தது இரண்டே பேர், அதில் ஒருவர் நம்ம எம்.எல்.ஏ. அத்தான், ஊர்ப் பெருமை என்று நீங்கள் தேடுவது இதுதானே? 1987-ஐயும் 1988-ஐயும் வெட்டினால் 1989-உம் சேர்ந்து போய்விடுகிறது. ப்ரூஃபில் பாருங்கள், அந்த வெற்றியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. என்ன நடந்தது என்று தெரிந்துதான் நம்ம ஜனம் அவருக்கு ஓட்டுப் போட்டது.

அந்தப் பொங்கலுக்கு அப்பா சுண்ணாம்பு அடித்து வைத்திருந்த எங்க வீட்டுச் சுவரில், ராத்திரியோடு ராத்திரியாக மாமா நீலக் கலரில் இரட்டைப்புறா வரைந்தது உங்களுக்கு மறந்திருக்காது. வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றது நீங்கள்தான். "புறா இருந்துட்டுப் போட்டும், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா" என்றார் அப்பா. அதோடு சரி, மூன்று வருஷம் மச்சினன்கள் இருவருக்கும் பேச்சில்லை. அக்கா கல்யாணத்துக்கு அத்தை மட்டும் தாம்பாளத்தோடு தனியாக வந்து நின்றதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது. நான் அந்தப் பகையை இழுக்கவில்லை, அத்தான். மாமாவும் இல்லை, அப்பாவும் இல்லை. பாண்டியனும் 2020 ஜனவரி 4-இல் போய்விட்டார். தொகுதி மறுசீரமைப்பில் சேரன்மகாதேவி தொகுதியே இல்லாமல் போயிற்று, கடைசியாக அங்கே சட்டமன்றத் தேர்தல் நடந்தது 2006-இல். நம்ம பிள்ளைகளுக்கு அம்பாசமுத்திரம் தொகுதிதான் தெரியும். நாமும் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்?

வண்ணார்பேட்டையில் சிலையாக நிற்கும் செல்லப்பாண்டியன், காயாமொழி ஆதித்தனார் என்று சபாநாயகர் நாற்காலி நம்ம திருநெல்வேலிச் சீமைக்குப் புதிதில்லை. அவர்களுக்கும் ஆளுக்கு அரைப் பக்கம் கொடுக்கலாம். இடம் பத்தாவிட்டால் என் கடை விளம்பரத்தை எடுத்துவிடுங்கள், கொடுத்த பணம் மலருக்கே இருக்கட்டும்.

ஏழாம் தேதி அச்சுக்குப் போகிறதாம். உங்கள் கட்டுரையில் ஒரு வரியும் வெட்டாமல் அந்த நாலு வருஷத்தை மட்டும் எழுதி ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புகிறேன், உங்கள் பெயரிலேயே வரட்டும். அப்பாவின் கார்டையும் படம் எடுத்து அனுப்புகிறேன். புறாச் சுவருக்கு முன்னால் மாமா நிற்கிற போட்டோ அத்தை பெட்டியில் இருந்தது. கிடைத்தால் எடுத்து அனுப்புங்க அத்தான். இரண்டையும் ஒரே பக்கத்தில் போடச் சொல்லலாம்.