மறு: அரசு வக்கீல் வேலை (ஆர்ச்சிபால்ட் காக்ஸ் பற்றிக் கொஞ்சம்)

அண்ணாச்சிமார், மதினிமார், தம்பி தங்கச்சிமார் எல்லாருக்கும் வணக்கம்.

சட்டம் முடித்த நம்ம ஊர்ப் பையன் அரசு வக்கீல் பரீட்சை எழுதலாமா என்று கேட்டாலும் கேட்டான், ஆளுக்கொரு பதில் வந்து குவிந்துவிட்டது. "மேலிடம் ஆட்டுற ஆட்டத்துக்கு ஆடணும், வேண்டாம்டே" என்று துபாய் அண்ணாச்சி எழுதியிருந்தார். அவர் சொன்னதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் ஆட மறுத்த ஒருவரைப் பற்றியும் பையன் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் இருக்கிற பாஸ்டன் பக்கம் வேலண்ட் என்ற ஊரில் குடியிருந்தவர், ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் ஆர்ச்சிபால்ட் காக்ஸ். அமெரிக்க அதிபர் நிக்சனிடமே சம்மனை நீட்டியவர்.

1912இல் நியூ ஜெர்சியில் பிறந்தார். வக்கீல் வம்சம். 1868இல் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் மீது பதவிநீக்க விசாரணை நடந்தபோது ஜான்சனுக்காக வாதாடிய வில்லியம் எவர்ட்ஸ் இவருடைய கொள்ளுத்தாத்தா. காக்ஸின் சொந்தத் துறை தொழிலாளர் சட்டம். 1952இல் ட்ரூமன் இவரைச் சம்பள நிர்ணய வாரியத்துக்குத் தலைவராக்கினார். நிலக்கரிச் சுரங்கக்காரர்களுக்கு நாள் கூலியில் 1.90 டாலர் உயர்வு என்று ஒப்பந்தம். வாரியம் அதை 1.50ஆகக் குறைத்தது. ட்ரூமன் வாரியத்தை ஒதுக்கிவிட்டு 1.90ஐயே கொடுக்கச் சொன்னார். காக்ஸ் ராஜினாமாவைக் கொடுத்துவிட்டு ஹார்வர்டுக்குத் திரும்பிவிட்டார். கூலி விஷயத்தில் நியாயம் யார் பக்கம் என்பது வேறு பேச்சு, என் மனசு சுரங்கக்காரர்கள் பக்கம்தான். ஆனால் ஆளின் போக்கு இதிலேயே தெரிந்துவிடுகிறது.

கென்னடி காலத்தில் தொடங்கி, 1961 முதல் 1965 வரை, சொலிசிட்டர் ஜெனரல். உச்ச நீதிமன்றத்தில் அரசின் சார்பில் நின்று பேசுகிற வேலை. டென்னசி மாநிலத்தில் 1901க்குப் பிறகு தொகுதி எல்லையையே மாற்றாமல் வைத்திருந்தார்கள். அந்த வழக்கிலும், கறுப்பினத்தவருக்கு அறை கொடுக்க மறுத்த அட்லாண்டா விடுதி வழக்கிலும் இவர் வாதாடினார். இரண்டிலும் இவர் கேட்டபடியே தீர்ப்பு வந்தது. பிறகு பழையபடி வகுப்பறை.

வாட்டர்கேட் என்பது, எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் நிக்சன் தரப்பு ஆட்கள் திருட்டுத்தனமாகப் புகுந்து மாட்டிக்கொண்ட விவகாரம். 1973 மே மாதம் அதை விசாரிக்கத் தனி அரசு வழக்கறிஞராக இவரை நியமித்த அட்டர்னி ஜெனரல் (சட்டத்துறைத் தலைவர்) எலியட் ரிச்சர்ட்சன், ஹார்வர்டில் இவரிடம் படித்தவர். மிகப் பெரிய முறைகேடு செய்தால் ஒழிய இவரை நீக்க மாட்டேன் என்று செனட்டில் ரிச்சர்ட்சன் வாக்குக் கொடுத்த பிறகுதான் ரிச்சர்ட்சனின் சொந்த நியமனமே நிறைவேறியது. இதைப் பையன் குறித்துக்கொள்ளட்டும். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இந்த வாக்குறுதிதான் பிடிமானம்.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். பதவியேற்புக்கு டெட் கென்னடி உட்பட கென்னடி குடும்பத்தாரை வரவிட்டது எனக்குச் சரியாகப் படவில்லை. வெறும் வாயை மெல்லுகிற நிக்சன் ஆட்களுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது.

ஜூலை 16ஆம் தேதி, முன்பு வெள்ளை மாளிகையில் வேலை பார்த்த அலெக்சாண்டர் பட்டர்ஃபீல்ட் செனட் குழு முன்னால் அந்தக் குண்டைப் போட்டார்: அதிபர் அலுவலகத்தில் பேசுவதெல்லாம் டேப்பில் பதிவாகிறது. ஒரே வாரத்தில் ஒன்பது பதிவுகளைக் கேட்டு காக்ஸ் சம்மன் அனுப்பினார். நிக்சன் முடியாது என்றார். நீதிபதி சிரிக்கா முன்னால் நிக்சனுக்காக வாதாடியவர் சார்ல்ஸ் ஆலன் ரைட், அவரும் டெக்சாஸில் சட்டப் பேராசிரியர். எதிரே காக்ஸே நேரில் வந்து வாதாடினார். இரண்டு வாத்தியார்கள் மோதிக்கொண்ட வழக்கு. சிரிக்கா டேப்பைக் கொடு என்றார். அக்டோபர் 12 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது.

அப்போதுதான் வெள்ளை மாளிகை ஒரு 'சமரசம்' கொண்டுவந்தது. டேப்பைத் தர மாட்டோம், சுருக்கம் எழுதித் தருகிறோம், அது சரியா என்று செனட்டர் ஜான் ஸ்டெனிஸ் கேட்டுப் பார்த்துச் சொல்லட்டும் என்றார்கள். ஸ்டெனிஸுக்கு வயது 72, காதும் சரியாகக் கேட்காது. அதைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. உண்மையான கொக்கி வேறு: இனிமேல் வேறு டேப், வேறு காகிதம் எதையும் நீதிமன்றம் மூலம் கேட்கக் கூடாது என்று நிபந்தனை. போதாததற்கு, சுருக்கத்தைக் கொண்டுபோய்க் கோர்ட்டில் சாட்சியமாகக் காட்டவும் முடியாது.

அக்டோபர் 20, சனிக்கிழமை. பத்திரிகையாளர்கள் முன்னால் வந்து உட்கார்ந்தார் காக்ஸ். ஒட்ட வெட்டிய கிராப்பு, கழுத்தில் போ டை. அதிபரைக் கவிழ்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை என்று ஆரம்பித்து, இந்தச் சமரசத்தை ஏன் ஏற்க முடியாது என்று வகுப்பெடுப்பதுபோல நிதானமாகச் சொன்னார். அன்று இரவே காக்ஸை நீக்கச் சொல்லி நிக்சனின் உத்தரவு. ரிச்சர்ட்சன் செனட்டில் கொடுத்த வாக்கை மீற மாட்டேன் என்று ராஜினாமா செய்தார். அவருக்கு அடுத்தவர் ரக்கல்ஸ்ஹௌஸும் மறுத்தார். கடைசியில் கையெழுத்துப் போட்டவர் ராபர்ட் போர்க். அவர் அப்போது சொலிசிட்டர் ஜெனரல்; காக்ஸ் ஒரு காலத்தில் உட்கார்ந்திருந்த அதே நாற்காலி. எஃப்.பி.ஐ. ஆட்கள் காக்ஸின் அலுவலகத்தைப் பூட்டிக் காவல் நின்றார்கள். சட்டத்தின் ஆட்சியா, ஆட்களின் ஆட்சியா என்பதை இனி காங்கிரசும் மக்களும் முடிவு செய்யட்டும் என்று ஒரு வரி அறிக்கை விட்டார் காக்ஸ், அவ்வளவுதான். தந்திகள் லட்சக்கணக்கில் வந்து குவிந்தன.

அடுத்த மாதம் நீதிபதி கெசல் அந்த நீக்கம் சட்டவிரோதம் என்று தீர்ப்புச் சொன்னார். காக்ஸ் அந்த வழக்கில் சேரவே இல்லை, வேலையைத் திரும்பக் கேட்கவும் இல்லை. அதே சமயத்தில், முன்னாள் அட்டர்னி ஜெனரல் ஒருவர் நம்பிச் சொன்ன தகவலை செனட்டர்களிடம் சொல்லிவிட்டு, அது பத்திரிகைக்குப் போனதும் தன் வாயால் வந்த வினைதான் என்று செனட் குழுவிடமே ஒப்புக்கொண்டார்.

காக்ஸின் இடத்துக்கு அடுத்து வந்த ஜவோர்ஸ்கி 64 பேச்சுகளின் பதிவுகளைக் கேட்டு சம்மன் அனுப்பினார். 1974 ஜூலை 24 அன்று உச்ச நீதிமன்றம் 8–0 என்று கொடுக்கச் சொன்னது. நிக்சனைக் கவிழ்த்தது 1972 ஜூன் 23ஆம் தேதி டேப், விசாரணையைத் தடுக்க அவரே திட்டம் போட்டது பதிவான டேப். காக்ஸ் முதலில் கேட்ட ஒன்பதில் அது கிடையாது. 'இனி கேட்க மாட்டேன்' என்று அவர் தலையாட்டியிருந்தால் அந்த டேப் வெளியே வந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

பிறகும் சும்மா இருக்கவில்லை. ஆலன் பாக்கி என்ற மாணவர், சிறுபான்மையினருக்கு இடம் ஒதுக்கியதை எதிர்த்துப் போட்ட வழக்கில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்காக வாதாடினார். 1980 முதல் 1992 வரை, நேர்மையான அரசு வேண்டும் என்று பாடுபடுகிற 'காமன் காஸ்' அமைப்பின் தலைவர். ஹார்வர்டில் ஓய்வு பெற்றபின் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் பாடம். 2004 மே 29 அன்று மெய்னில் காலமானார். செனட் வாட்டர்கேட் குழுவின் வக்கீலாக இருந்த சாம் டேஷும் அதே நாளில்தான் இறந்தார்.

துபாய் அண்ணாச்சிக்கு ஒன்று: காக்ஸுக்குத் திரும்பிப் போக ஹார்வர்டு நாற்காலி காத்திருந்தது. வீட்டுக் கடன், தங்கச்சி கல்யாணம் என்று இருக்கிற நம்ம பையனுக்கு அது கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். அதனால் பரீட்சை எழுதட்டும், ஆனால் மூத்த வக்கீலிடம் ஜூனியராகப் போவதை இப்போதே விட்டுவிட வேண்டாம். அந்த ஆலன் பாக்கி வழக்கில் காக்ஸ் பேசிய ஒலிப்பதிவு இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. நீதிபதிகள் குறுக்கே குறுக்கே கேட்கும்போது எப்படிச் சமாளிக்கிறார் என்று கேட்டுப் பார்க்கட்டும். தனிமடல் போடச் சொல்லுங்கள், இணைப்பு அனுப்புகிறேன்.

அன்புடன்,
பாஸ்டனிலிருந்து