புதுப்பிப்பு: வியாசர்பாடி மாவு பாக்கெட் வெடிப்பது நின்றது

போன வாரம் எழுதியிருந்தேன்: வியாசர்பாடியில் இட்லி மாவு பாக்கெட் போடும் சின்ன யூனிட் ஒன்றில், கடைக்குப் போன பாக்கெட்டெல்லாம் உப்பி ஓரத்தில் பிளக்கிறது, பாக்கெட் வாயைச் சூட்டில் ஒட்டும் சீலிங் மெஷின்தான் கோளாறு என்று ஓனர் அக்கா, அதை சர்வீஸ் செய்யும் என்னைப் பிடித்துக்கொண்டார். மெஷினின் ஹீட்டரை மாற்றச் சொல்லிப் பலர் பதில் போட்டீர்கள்.

மாற்றவில்லை. பாக்கெட்டில் தண்ணீர் ஊற்றி, சீல் அடித்து, இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தேன். ஒரு சொட்டு கசியவில்லை. அப்புறம் கிரைண்டரிலிருந்து வழித்த மாவில் தெர்மாமீட்டரை விட்டால் 36 டிகிரி! கல் உரசும் சூடு, கூடவே தகரக் கொட்டகை வெயில். அந்தச் சூட்டோடு அடைத்தால் மாவு பாக்கெட்டுக்குள்ளேயே புளிக்கும். கார்பன் டை ஆக்சைடு வெளியே போக வழி தேடும். சீல் பாவம், என்ன செய்யும்?

இப்போது ஐஸ் தண்ணீர் விட்டு அரைத்து, 5 டிகிரிக்குக் குளிர வைத்த பிறகே பேக்கிங். நாலு நாளாகப் புகார் இல்லை.

என் பக்கமும் ஒரு குறை. மெஷினில் சூடாகி ஒட்டும் சீலிங் பாரில், பிளாஸ்டிக் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் போடும் டெஃப்லான் துணி ஒரு மூலையில் கருகியிருந்தது. போன சர்வீஸில் நான் கவனிக்கவில்லை. காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தேன்.

"அப்போ மெஷின் மேலயும் கொஞ்சம் தப்புதானே தம்பி?" என்றார் அக்கா. சரி என்று தலையாட்டிவிட்டு டீயைக் குடித்தேன்.