மலை ஏறும்போது பிக்கப்பில் ஆயில் கருகும் வாடை: எங்கே கசிகிறது?

வணக்கம். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்குக் காபி, மிளகு மூட்டை இறக்கி, திரும்பும்போது உரம் ஏற்றிப் போகும் வண்டி. 2016 மாடல் டீசல் பிக்கப், டர்போ (என்ஜினுக்குக் கூடுதல் காற்றைத் தள்ளும் பாகம்) உள்ள என்ஜின், 1,40,000 கிலோமீட்டர் ஓடியது.

தீபாவளிக்குப் பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. டவுனுக்குள் எவ்வளவு சுற்றினாலும் வாடை இல்லை. அடிவாரம் தாண்டி லோடோடு இரண்டாம் கியரில் ஏறினால், 20 கொண்டை ஊசி வளைவில் பாதி தாண்டுவதற்குள் ஆயில் கருகும் வாடை கேபினுக்குள் வந்துவிடுகிறது. கிளட்ச் வாடை இல்லை, அது தனியாகத் தெரியும். ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தால் டர்போ பக்கம் மெல்லிய புகை. ஆறியபின் பார்த்தால், சூட்டைத் தடுக்கும் தகடான ஹீட் ஷீல்டின் கீழ் விளிம்பில் தார் போலக் கறுப்பு, தொட்டால் பிசுபிசுக்கிறது.

டேப்பட் கவர் (என்ஜின் மேல்மூடி) பேக்கிங் மாற்றியாகிவிட்டது. ஆயில், ஃபில்டர் புதுசு. என்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாயில் அடைப்பில்லை. தரையில் ஒரு சொட்டு இல்லை, சைலன்சரில் நீலப் புகையும் இல்லை. ஆனால் டிப்ஸ்டிக்கில் அளவு மெல்ல இறங்குகிறது.

ஒரு மெக்கானிக் டர்போவையே மாற்றச் சொல்கிறார். டர்போவுக்குள் ஆயிலைத் தடுக்கும் சீல் போயிருந்தால் நீலப் புகை வர வேண்டுமே? எனக்கு, டர்போவிலிருந்து ஆயிலை என்ஜினுக்குத் திருப்பும் ரிட்டர்ன் பைப் மேல்தான் சந்தேகம். சூடான டர்போ மேல் ஆயில் படுவதால் தீப்பிடிக்குமோ என்ற பயம் வேறு. அறுவடை நேரம், வண்டியை நிறுத்தவும் முடியவில்லை.

டர்போவைக் கழற்றாமலேயே, கசிவு ரிட்டர்ன் பைப் பேக்கிங்கிலா, டர்போ சீலிலா என்று எப்படி உறுதி செய்வது?