கடல் மட்டத்துக்குக் கீழே ஒரு நாடு: நெதர்லாந்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அனுபவங்கள்

நாகப்பட்டினம், சமூக அறிவியல் ஆசிரியை:

வேறொரு நாட்டைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தும்போது தலைநகரம், கொடி, நாணயம் என்று தொடங்கும் வழக்கத்தை நான் விட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. தேர்வுக்கு அவை உதவும், மறுக்கவில்லை. ஆனால் அந்த நாட்டில் தன் வயதுப் பிள்ளை காலையில் எழுந்து என்ன சாப்பிடுகிறது, எந்த வழியாகப் பள்ளிக்குப் போகிறது, எதற்குப் பயப்படுகிறது என்று தெரியாத வரைக்கும் அந்த நாடு மாணவருக்கு வரைபடத்தில் ஒரு நிறம், அவ்வளவே. ஏழாம் வகுப்புக்கு நெதர்லாந்தை நடத்திய அனுபவத்தை இங்கே எழுதுகிறேன். எங்கள் பள்ளியிலிருந்து கடலுக்கு நடந்தே போகலாம். வடிகால், மதகு, முகத்துவாரம், உப்பேறிய வயல் எல்லாம் எங்கள் பிள்ளைகள் அன்றாடம் பார்ப்பவை. அதனால்தான் அந்த நாட்டைத் தேர்ந்தெடுத்தேன்.

முதலில் அளவைப் புரியவைக்க வேண்டியிருந்தது. தமிழ்நாட்டையும் நெதர்லாந்தையும் ஒரே அளவுகோலில் வகுப்பறைத் தரையில் சாக்பீஸால் வரைந்தோம். நம் மாநிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அந்த நாடு. ஐரோப்பா என்றாலே பெரிது என்று எண்ணியிருந்த பிள்ளைகள் அந்தச் சிறிய வடிவத்தைச் சுற்றி நின்று மறுபடி மறுபடி அளந்து பார்த்தார்கள். ஐரோப்பாவிலுள்ள நெதர்லாந்து நிலப்பகுதியில் மிக உயரமான இடம் 322 மீட்டர்தான் என்றதும் ஒருவன் தொட்டபெட்டாவின் உயரத்தைத் தேடியெடுத்து, அதில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை என்று கணக்குப் போட்டுச் சொன்னான். ரைன், மாஸ், ஷெல்ட் ஆகிய மூன்று ஆறுகள் கடலில் சேரும் டெல்டா அது. நிலத்தில் கால் பங்கு கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. காவிரி டெல்டாப் பிள்ளைகளிடம் "டெல்டா" என்று சொல்லி விளக்கத் தேவையே இருக்கவில்லை. "கடல் மட்டத்துக்குக் கீழே" என்பதைத்தான் விளக்க வேண்டியிருந்தது.

அதற்கு ஒரு பெரிய தாம்பாளமும் களிமண்ணும் ஊசி நீக்கிய சிரிஞ்சும் போதுமானதாக இருந்தன. தாம்பாளத்தின் நடுவே களிமண்ணால் வட்டமாகக் கரை எழுப்பினோம். வெளியே தண்ணீர் ஊற்றினோம். உள்ளே கசிந்த நீரைச் சிரிஞ்சால் உறிஞ்சி வெளியே விட்டோம். பிள்ளைகள் முறை வைத்து உறிஞ்சினார்கள். கை ஓய்ந்தால் உள்ளே நீர் ஏறுகிறது. இந்த வேலையைத்தான் அங்கே நூற்றாண்டுகளாகக் காற்றாலைகள் செய்தன, பிறகு நீராவி எந்திரங்கள், இப்போது மின்சாரப் பம்புகள். ஹார்லம்மர்மேர் என்ற பெரிய ஏரியை 1849 முதல் 1852 வரை நீராவிப் பம்புகளால் இறைத்து வற்றவைத்தார்கள். இன்று ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையம் இருப்பது அந்த ஏரியின் தரையில். விமானம் இறங்கும் இடம் முன்பு ஏரித் தரை என்று கேட்டதும் வகுப்பு சற்று நேரம் கலகலத்துப்போனது.

இன்னொன்றையும் காட்டினேன். அந்த நாட்டின் மேற்குப் பகுதியில் பல இடங்களில் இருப்பது மட்கிய தாவரங்கள் நிறைந்த கரிமண். நீரை இறைக்க இறைக்க அது காற்றுப்பட்டு மேலும் மட்கிச் சுருங்கி, நிலம் தாழ்ந்துகொண்டே போகும். நிலம் தாழ்ந்தால் இன்னும் இறைக்க வேண்டும். நனைந்த ஸ்பாஞ்சைப் பிழிந்து அதன் உயரம் குறைவதைக் காட்டினேன். அப்போதுதான் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி, "இவ்வளவு கஷ்டப்படுவதற்குப் பதிலாக மேட்டுக்குக் குடிபோயிருக்கலாமே டீச்சர்?" என்று கேட்டாள்.

நான் பதில் சொல்லவில்லை. அவளுக்குப் பக்கத்தில் இருந்தவன் சொன்னான்: "சுனாமிக்கு அப்புறம் எங்கள் ஆயாவிடமும் இப்படித்தான் கேட்டார்களாம். படகு இங்கே இருக்கிறது, நாங்கள் எங்கே போவது என்று ஆயா சொன்னதாம்." 2004க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இவர்கள். வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டதுதான் அவர்களிடம் இருக்கிறது. அந்த ஒரு பதிலில் நெதர்லாந்து மக்களான டச்சுக்காரர்கள் ஏன் அங்கேயே இருக்கிறார்கள் என்பது மொத்த வகுப்புக்கும் விளங்கியது.

பிறகு 1953ஐப் பற்றிப் பேசினோம். ஜனவரி 31 இரவு வட கடலில் எழுந்த புயல் அலை தென்மேற்குக் கரைகளை உடைத்தது. நெதர்லாந்தில் மட்டும் 1,836 பேர் இறந்தார்கள். கரை ஓட்டையில் விரலை வைத்து ஊரைக் காப்பாற்றிய சிறுவனின் கதை நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியும். அது அமெரிக்க நூல் ஒன்றின் வழியாகப் பரவிய கற்பனைக் கதை. நடந்த நிகழ்ச்சியோ அதைவிடப் பெரியது. அந்த இரவில் ஹாலந்து ஐசல் ஆற்றின் கரை உடைந்தபோது ஒரு படகோட்டி தன் சரக்குப் படகையே உடைப்பில் கொண்டுபோய்ச் செருகி வெள்ளத்தைத் தடுத்தார். கரைக்குப் பின்னால் இருந்த பரந்த தாழ்நிலம் தப்பியது. மீனவர் வீட்டுப் பிள்ளைகள் இதைக் கேட்ட விதத்தைச் சொல்ல வேண்டும். படகு எவ்வளவு நீளம், குறுக்காகவா நேராகவா திருப்பினார், நீரின் வேகத்தில் படகு உருண்டிருக்காதா என்று கேட்டார்கள். கரும்பலகையில் வந்து வரைந்து வாதாடினார்கள். பாடப்புத்தகம் வைத்து நடத்திய எந்த வகுப்பிலும் அவர்கள் இவ்வளவு பேசியதில்லை.

அந்த வெள்ளத்துக்குப் பிறகு கட்டியவற்றில் ஒன்று 1997இல் திறக்கப்பட்ட மாஸ்லாண்ட் தடுப்பு. ரோட்டர்டாம் துறைமுக வழியில் இரண்டு பெரிய கதவுகள், ஒவ்வொன்றும் 210 மீட்டர் நீளம். புயல் அலை வரும்போது மட்டும் மூடும். "சுனாமி வந்தால் தாங்குமா?" என்ற கேள்வி உடனே வந்தது. வட கடலின் புயல் அலையைக் கணக்கிட்டுக் கட்டியது அது, நம் கரைக்கு வந்தது வேறு வகை அலை என்று இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கினேன்.

இவ்வளவும் ஆன பிறகுதான் அன்றாட வாழ்க்கைக்குள் போனோம். இந்த வரிசையை எல்லா ஆசிரியர்களிடமும் வற்புறுத்திச் சொல்வேன். நிலத்தை அறிந்த பிறகு பழக்கங்களைக் கேட்டால் எதுவும் வேடிக்கையாகத் தோன்றாது. அங்கே பிள்ளைகள் நீச்சல் சான்றிதழுக்குச் சட்டை, கால்சட்டை, காலணியோடு நீந்திக் காட்ட வேண்டும். ஊரெங்கும் கால்வாய், தவறி விழும் பிள்ளை நீச்சலுடையிலா விழும்? எங்கள் பிள்ளைகளே காரணத்தைச் சொல்லிவிட்டார்கள். தட்டை நிலம் என்பதால் சைக்கிள் ஓட்டுவது எளிது, ஆனால் எதிர்க்காற்றைத் தடுக்க மலையும் இல்லை. ஜூனில் இரவு பத்து மணிக்குத்தான் சூரியன் மறையும், டிசம்பரில் காலை எட்டே முக்காலுக்குத்தான் எழும். காலையில் வெண்ணெய் தடவிய ரொட்டிமேல் சாக்லேட் துருவல் தூவிச் சாப்பிடுவார்கள் என்றபோது மட்டும் காரணம் யாருக்கும் தேவைப்படவில்லை, பொறாமைதான்!

பழவேற்காடு, நூலகத் தன்னார்வலர்:

டீச்சரின் பதிவைப் படித்ததும் எழுதத் தோன்றியது. எங்கள் ஊரில் நெதர்லாந்து வரைபடத்தில் இல்லை, மண்ணிலேயே இருக்கிறது. 1613இல் டச்சுக்காரர்கள் கட்டிய ஹெல்ட்ரியா கோட்டையின் மிச்சமும் டச்சுக் கல்லறைத் தோட்டமும் பிள்ளைகள் விளையாடும் தூரத்தில் இருக்கின்றன. உங்கள் நாகப்பட்டினத்தையும் 1658இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து அவர்கள் பிடித்து 1781 வரை வைத்திருந்தார்கள். கல்லறைத் தோட்டத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப்போய் எழுத்துகளை எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதவைத்தேன். ஆண்டுகளைக் கழித்து எத்தனை வயதில் இறந்தார்கள் என்று கணக்கிட்டோம்.

எங்கள் கரையின் துணியை வாங்கிக் கீழைத் தீவுகளுக்குக் கொண்டுபோய் மசாலாவுக்கு மாற்றினார்கள் என்பதுவரை சொல்வது எளிது. அதோடு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. பஞ்ச காலங்களில் இந்தக் கரையிலிருந்து மனிதர்களையும் வாங்கி, அடிமைகளாகப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றினார்கள். இன்றைய ஜகார்த்தா அது. ஒன்பது வயதுச் சிறுமி, "அப்படியென்றால் அவர்கள் கெட்டவர்களா?" என்று கேட்டாள். அன்று டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி என்ற வணிகக் கம்பெனி செய்தது கொடுமை, இன்று அங்கே ரொட்டி தின்று பள்ளிக்குப் போகும் பிள்ளை அதைச் செய்யவில்லை, ஆனால் அந்தப் பிள்ளையும் இதைப் படிக்க வேண்டும் என்று சொன்னேன். அடுத்த வாரம் அவள் ஒரு படம் வரைந்து வந்தாள். கப்பலில் ஏறுகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் எழுதியிருந்தாள். எங்கள் தெருவில் இருக்கும் பெயர்கள்.

உட்ரெக்ட், பெற்றோர்:

நான் நெதர்லாந்தில் உள்ள இந்த உட்ரெக்ட் நகரில் வசிக்கிறேன். மகளின் வகுப்பில் தமிழ்நாட்டைப் பற்றிப் பேச அழைத்தார்கள். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள். கோயில், பரதநாட்டியம், புடவை என்று படங்கள் எடுத்து வைத்திருந்தேன். அவற்றைப் பார்த்துக்கொண்டார்கள். அவர்களை உட்காரவைத்தது சத்துணவுப் படம்தான். இங்கே பள்ளியில் பொதுவாகச் சமைப்பதில்லை. ஆளுக்கொரு டப்பாவில் வீட்டு ரொட்டி. பள்ளியிலேயே அடுப்பு மூட்டி, சுடச்சுடச் சோறும் முட்டையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பணம் வாங்காமல் போடுகிறார்கள் என்பதை அவர்களால் நம்ப முடியவில்லை. 1950களில் காமராஜர் காலத்தில் மாநிலமெங்கும் பரவி, 1982இல் விரிவாகி, 2022இல் காலை உணவும் சேர்ந்தது என்று சொன்னேன். ஒரு பையன் கையைத் தூக்கி, "நம் பள்ளியில் ஏன் இல்லை?" என்று தன் ஆசிரியரைக் கேட்டான். எனக்குப் பெருமையாக இருந்தது.

நாகை டீச்சருக்கு ஒன்று சேர்க்க விரும்புகிறேன். சைக்கிளுக்குத் தட்டை நிலம் மட்டும் காரணமில்லை. 1950, 60களில் இங்கேயும் கார்கள் தெருவைப் பிடித்துக்கொண்டன. 1971இல் மூவாயிரத்துக்கும் அதிகமானோர் சாலை விபத்தில் இறந்தார்கள், அவர்களில் நானூறுக்கும் மேற்பட்டோர் பிள்ளைகள். பெற்றோர் தெருவில் இறங்கினார்கள். பிள்ளைகளைக் கொல்வதை நிறுத்துங்கள் என்பதே அந்த இயக்கத்தின் பெயர். ஆம்ஸ்டர்டாமில் பள்ளிப் பிள்ளைகளே தங்கள் தெருவை மறித்து, விளையாட இடம் கேட்டார்கள். இன்று தனிப் பாதையில் என் மகள் தைரியமாக ஓட்டிப் போவது அந்தப் போராட்டத்தால் கிடைத்தது. தொடக்கப்பள்ளி முடிவதற்குள் பிள்ளைகள் சாலை விதிகளில் எழுத்துத் தேர்வு எழுதி, தெருவில் ஓட்டியும் காட்டுகிறார்கள். இதை நம் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். அங்கே எல்லாம் இயற்கையாகவே ஒழுங்கு என்ற எண்ணம் அவர்களுக்கு வரக் கூடாது.

இன்னொரு சின்னச் செய்தி, பிள்ளைகளுக்குப் பிடிக்கும்: இங்கே ஜூன் மாதத்தில் எல்லாரும் ஒன்றாகப் பள்ளியில் சேர்வதில்லை. நான்கு வயது நிறைந்ததும் அவரவர் சேரலாம். ஆண்டு முழுக்க வகுப்புக்குப் புதுப் பிள்ளைகள் வந்துகொண்டே இருப்பார்கள்.

கடலூர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:

நான் நடத்தியது வங்கதேசம். சுருக்கமாகச் சொல்கிறேன். பணக்கார நாட்டைப் பற்றிப் பாடம் நடத்தினால் வியப்பு வரும், ஏழை நாடு என்றால் இரக்கம் வரும். இரண்டுமே கற்றலுக்கு இடைஞ்சல். மழைக்காலத்தில் நிலம் மூழ்கும் பகுதிகளில் 2002 முதல் படகிலேயே பள்ளி நடக்கிறது. படகு கரை கரையாக வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, ஓரிடத்தில் நின்று வகுப்பை முடித்து, வீட்டில் இறக்கிவிடும். கூரையில் சூரியத் தகடுகள். ஆண்டுதோறும் மழைவெள்ளத்துக்குப் பள்ளி மூடிக் கிடக்கும் எங்கள் பகுதிப் பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்த்து இரக்கப்படவில்லை. நமக்கு எத்தனை படகு வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள்.

நாகப்பட்டினம், சமூக அறிவியல் ஆசிரியை:

உட்ரெக்ட் அம்மாவுக்கு நன்றி. சைக்கிள் போராட்டத்தை வரும் வாரமே வகுப்பில் சொல்லப்போகிறேன்; எங்கள் பள்ளிக்கு எதிரிலேயே கிழக்குக் கடற்கரைச் சாலை போகிறது. பழவேற்காடு நண்பருக்கும் நன்றி. எங்கள் ஊரின் டச்சுக் காலத்தைக் கோட்டை, வணிகம் என்ற அளவில் மட்டும் இனி நடத்த மாட்டேன்.

அம்மாவின் மகள் வகுப்புக்கு எங்கள் பிள்ளைகளின் கேள்விகளை அனுப்புகிறேன். பதில் வந்தால் வகுப்பறைச் சுவரில் ஒட்டுவோம். கால்வாய் மீனை யாராவது பிடித்துச் சமைப்பார்களா? இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருந்தால் தூங்கச் சொல்லி அம்மா திட்டுவார்களா? கடலைவிடத் தாழ்ந்த வீட்டில் படுக்கும்போது பயமாக இருக்குமா, பழகிவிடுமா? பம்புக்கு மின்சாரம் நின்றால் முதலில் யாருக்குத் தகவல் சொல்வார்கள்? கடைசிக் கேள்வியைக் கேட்டது மேட்டுக்குப் போகச் சொன்ன அதே மாணவி.