60 பேருக்கு சீஸ், சலாமிப் பலகை: பந்தல் வெக்கையில எப்பிடி வைக்கிறது?

வடலி:
வாற மாதம் தம்பியின்ர கலியாண வரவேற்பு. முற்றத்தில பந்தல், ஏசி இல்லை. ஆக்கள் 6 மணிக்கு வருவினம், இரவுச் சாப்பாடு 8.30க்கு. இடையில ஷார்கியூட்டரி பலகை, அதுதான் பதப்படுத்தின இறைச்சியும் சீஸும் அடுக்கின பலகை, வைக்கப் போறம். 60 பேரில 20 பேர் சைவம். சாமான் கொழும்பிலயிருந்து இரவு பஸ்ஸில வரும். 4 அடிப் பலகை ஒண்டு செய்விச்சாச்சு. எவ்வளவு வாங்கிறது, எத்தினை மணிக்கு அடுக்கிறது?

அடுப்படி:
பலகை இருக்கட்டும், ஆனா அதில எல்லாத்தையும் ஒரேயடியா அடுக்காதேங்கோ. 32 பாகைக்கு மேல வெக்கை எண்டால் வெட்டின ஹாமும் சீஸும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல வெளியில இருக்கக்கூடாது. அதுக்குக் குறைவெண்டால் 2 மணித்தியாலம். பந்தலுக்குள்ள சனம் நிறைஞ்சு லைட்டும் எரியேக்க முதல் கணக்கைத்தான் பிடிக்க வேணும்.

பின்னால சாப்பாடு இருக்கிறபடியா இறைச்சி ஆளுக்கு 50 கிராம் காணும், 40 பேருக்கு 2 கிலோ. சீஸ் மற்றவைக்கு 40 கிராம், சைவக்காரருக்கு 60 கிராம் எண்டு பாத்தால் 2.8 கிலோ, 3 கிலோவா வாங்குங்கோ. கிராக்கர் பிஸ்கட் ஆளுக்கு 6.

மூண்டு சுற்றாப் பிரியுங்கோ: 6 மணி, 6.45, 7.30. சுற்றுக்கு மூண்டு தட்டு, ரெண்டு அசைவம், ஒண்டு சைவம். ஒன்பது தட்டு வீட்டுப் பிரிஜ்ஜில அடங்காது. அதால வெட்டினதுகளை மூடி போட்ட பெட்டியளில குளிரில வைச்சு, ஒவ்வொரு சுற்றுக்கும் கால் மணித்தியாலம் முந்தி அடுக்குங்கோ. அசைவத் தட்டு ஒண்டுக்கு 330 கிராம் இறைச்சி வரும். பழைய தட்டை எடுத்திட்டுத்தான் புதுசை வைக்க வேணும், மிச்சத்துக்கு மேல கொட்டக்கூடாது.

சலாமியில ரோசாப்பூ செய்யிறது வேண்டாம். இந்த வெக்கையில கொழுப்பு இளகி இதழெல்லாம் ஒட்டிப்போகும், ஒராள் இழுத்தால் முழுப்பூவும் வரும். பாதியா மடிச்சு ஒண்டிலொண்டு சாத்தி வையுங்கோ. செடார், கௌடா, ஈடம் மாதிரி இறுக்கமான சீஸ் எடுங்கோ. பிரீ மாதிரி மெத்தெண்ட சீஸ் வழிஞ்சு மற்றதுகளையும் நனைச்சுப்போடும். சீஸைப் பிரிஜ்ஜால எடுத்த கையோட வெட்டினால்தான் உதிராது.

மோர்மிளகாய்:
சைவத் தட்டுக்கு ஒரு விசயம், பார்மிஜானோ ரெஜ்ஜானோ வேண்டாம். அது கண்டுக்குட்டியின்ர இரைப்பையிலயிருந்து எடுக்கிற ரெனெட்டில உறைய வைக்கிறது. மற்ற சீஸுகளின்ர லேபிளிலயும் மைக்ரோபியல் ரெனெட் (நுண்ணுயிரில செய்யிறது) எண்டு இருக்கோ பாருங்கோ. கத்தி, இடுக்கி புறம்பா, தட்டும் மேசையின்ர மற்ற அந்தத்தில. அசைவத்திலயும் பண்டி, மாடு, கோழி எண்டு சீட்டு எழுதி வையுங்கோ. சலாமியைப் பாத்து ஆரும் கண்டுபிடிக்க ஏலாது.

செடாரோட பனாட்டை, அதுதான் காயவைச்ச பனம்பழக்களியை, சின்னவிரல் அகலத்துக்கு வெட்டி வையுங்கோ. ஐரோப்பாவில பழக்களி வைக்கிற இடத்துக்கு இதைவிடப் பொருத்தமா ஒண்டுமில்லை, அந்தப் புளிப்பும் மெல்லிய கசப்பும் சீஸின்ர கொழுப்பை வெட்டும். பருத்தித்துறை வடையும் வையுங்கோ. கிராக்கர் இளகிற நேரத்திலயும் அது மொறுமொறுவெண்டு நிக்கும். ஆனா உறைப்பு, அதால கௌடா மாதிரி இனிப்புச் சாயல் உள்ள சீஸுக்குப் பக்கத்தில வையுங்கோ.

கீரிமலைக்காத்து:
கிராக்கரைத் தட்டிலயே அடுக்கவேண்டாம். சீஸ் வேர்த்துப் பத்து நிமிசத்தில நமத்துப்போகும். காத்துப்புகாத ரின்னில வைச்சுக் கொஞ்சங் கொஞ்சமா வேற கூடையில போடுங்கோ. ஊறுகாய், ஒலிவ், பனம்பாணி எல்லாம் சின்னக் கிண்ணத்தில. முந்திரிகைப்பழத்தை (திராட்சை) முதல்நாளே கழுவி, துணியில முழுக்கக் காயவிட்டு, 5, 6 பழமாக் கத்திரியுங்கோ.

பஸ் விசயம்: ரெஜிபோம் பெட்டியில அடியில ஐஸ், மேலயும் ஐஸ். ஐஸை இறுக்கிக் கட்டின பொலித்தீனுக்குள்ள போடவேணும், இல்லாட்டி உருகின தண்ணி பாக்கெட்டுக்குள்ள போகும். மூடி விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டுங்கோ. வந்த உடன திறந்து ஹாமைத் தொட்டுப் பாருங்கோ, குளிர் விட்டிருந்தால் அதைப் பாவிக்காதேங்கோ. வெட்டாத முழுச் சலாமி கொஞ்சம் தாங்கும்.

வடலி:
நன்றி. அப்ப 4 அடிப் பலகையை என்ன செய்யிறது?

அடுப்படி:
மேசையில போட்டு அதுக்கு மேல தட்டுகளை வையுங்கோ. வாழையிலை விரிக்கிறதெண்டால் நெருப்பில லேசா வாட்டித் துடைச்சு விரியுங்கோ, கிழியாது. தட்டுகளுக்குக் கீழ, விளிம்பு உயர்ந்த எவர்சில்வர் தாம்பாளத்தில நொருக்கின ஐஸ் போட்டால் இன்னும் நல்லது. 8.15க்கு எல்லாத்தையும் எடுத்திடுங்கோ. வெளியில இருந்த இறைச்சியைத் திரும்பப் பிரிஜ்ஜுக்குள்ள வைக்காதேங்கோ.